சொந்தக் கர்னல் பூட் ஆகவில்லை: திருத்துவதா, டிஸ்ட்ரோ கான்ஃபிகுக்குத் திரும்புவதா, பைசெக்ட் செய்வதா?

லினக்ஸ் கர்னல் சோர்ஸை இறக்கி, மெனுகான்ஃபிகில் (கர்னலில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் மெனுவில்) வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, கம்பைல் செய்து நிறுவி ரீபூட் செய்தால் கருப்புத் திரை. இல்லையென்றால் ‘கர்னல் பேனிக்’ என்று முடிகிற ஒரு திரை எழுத்து. இந்த இடத்தில் சிக்கியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். இருக்கிற கான்ஃபிகையே (அந்தத் தேர்வுகள் பதிவான கோப்பையே) சரிசெய்யலாமா, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்ட்ரோவின் (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பின்) கான்ஃபிகில் இருந்து மறுபடி தொடங்கலாமா, அல்லது கர்னலிலேயே பிழை இருக்கிறது என்று வைத்து, எந்த மாற்றம் கெடுத்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் செய்யலாமா?

பலர் இதைப் பொறுமையின் அளவை வைத்து முடிவு செய்கிறார்கள். முடிவு செய்ய வேண்டியது பூட் எந்த இடத்தில் நின்றது என்பதை வைத்து. அதைப் பார்க்காமல் மெனுகான்ஃபிகுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

கீழே சொல்வது 64 பிட் எக்ஸ்86 கணினி, யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், க்ரப் (கர்னலை ஏற்றும் பூட் லோடர்), உபுண்டு அல்லது டெபியன் என்ற அமைப்பை மனதில் வைத்து. மற்ற டிஸ்ட்ரோக்களில் கட்டளைப் பெயர் மாறும், தர்க்கம் மாறாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நின்ற இடம். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், அதாவது மாற்றி, கம்பைல் செய்து, நிறுவி, ரீபூட் செய்து பார்க்க எத்தனை நிமிடம். மூன்றாவது, சொந்தக் கர்னல் எதற்காக என்பது: ஒரு பேட்ச் வேண்டுமா, புது வன்பொருள் ஆதரவு வேண்டுமா, சின்னதாக வேண்டுமா, கற்றுக்கொள்ளவா? நான்காவது, கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, டேட்டா சென்டரில் இருக்கிறதா.

எதைத் தேர்ந்தாலும் பழைய கர்னலை நீக்கக் கூடாது. க்ரப் மெனு மறைந்திருந்தால் க்ரப் அமைப்புக் கோப்பில் டைம்அவுட்டை 10 விநாடியாக்கி, டைம்அவுட் ஸ்டைலை மெனு என்று வைத்து, அப்டேட்-க்ரப் ஓட்டிவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் யூஎஸ்பி டிரைவைத் தேடுகிறார்கள்.

## நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது

க்ரப்பிலேயே நின்றால் கான்ஃபிகைத் தொட வேண்டாம். ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்று வந்தால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட கர்னலை மட்டும் அனுமதிக்கும் காவல்) இயங்குகிறது, உங்கள் கர்னலில் கையொப்பம் இல்லை. ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை அணையுங்கள், அல்லது சொந்தச் சாவியை மாக்யூட்டில் வழியாகப் பதிவு செய்து கர்னலில் கையொப்பமிடுங்கள். ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றால் இனிட்ராம்எஃப்எஸ் (உண்மையான டிஸ்க் மவுண்ட் ஆகும் முன் பயன்படும் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) கோப்பின் அளவைப் பாருங்கள். டீபக் தகவலை நீக்காமல் மாட்யூல்களை (தனிக் கோப்புகளாக உள்ள டிரைவர்களை) நிறுவினால் 100 எம்பிக்குள் இருக்க வேண்டிய கோப்பு பல நூறு எம்பி ஆகும். மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் ஓட்டும்போது இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 சேர்த்தால் சரியாகும். /பூட் பகிர்வு நிரம்பி, கோப்பு பாதியில் அறுந்து போவதும் இந்த வகைதான்.

க்ரப் தாண்டி கருப்புத் திரை. கர்னல் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கேப்ஸ் லாக் விளக்கு தானாகக் கண் சிமிட்டினால் பேனிக். வேறு கணினியிலிருந்து பிங் செய்தால் பதில் வருகிறது என்றால் கர்னல் நன்றாக ஓடுகிறது, திரைக்கு எழுதும் டிரைவர்தான் இல்லை. கான்ஃபிகில் சிம்பிள்டிஆர்எம் அல்லது இஎஃப்ஐ ஃப்ரேம்பஃபர், கூடவே ஃப்ரேம்பஃபர் கன்சோல், இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிலே இல்லையென்றால் க்ரப்பில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் க்வயட், ஸ்ப்ளாஷ் இரண்டையும் நீக்கிவிட்டு, எர்லிகான்=இஎஃப்ஐஎஃப்பி, இக்னோர்_லாக்லெவல் இரண்டையும் சேருங்கள். டிரைவர்கள் எழும் முன்பே எழுத்து வரத் தொடங்கும்.

ரூட் (இயங்குதளம் இருக்கும் பகிர்வு) மவுண்ட் ஆகாத பேனிக். சொந்தக் கர்னல்களில் அதிகம் பார்க்கிறது இதுதான். ‘விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)’ என்று வரும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களில்தான் பாதி விடை இருக்கிறது.

(0,0) என்றால் ரூட்= என்று கொடுத்த பெயருக்கு உரிய டிஸ்க்கையே கர்னல் காணவில்லை. (8,2) என்றால் எஸ்டிஏ2 பகிர்வைக் கண்டது. (259,2) போல வந்தால் என்விஎம்இ பகிர்வைக் கண்டது. பார்த்தும் மவுண்ட் செய்ய முடியவில்லை என்றால் ஃபைல்சிஸ்டம் டிரைவர் இல்லை, அல்லது அது தவறான பகிர்வு. பேனிக் வரிக்குச் சற்று மேலே, தனக்குத் தெரிந்த பகிர்வுகளையும் ஃபைல்சிஸ்டம்களையும் கர்னல் பட்டியலிடும். பகிர்வுப் பட்டியல் வெறுமையாக இருந்தால் டிஸ்க் டிரைவர் இல்லை. டிஸ்க் இருந்து, எக்ஸ்ட்4 பட்டியலில் இல்லையென்றால் குறை அங்கே. இரண்டும் இருந்தால் ரூட்= வரி தவறு.

இதில் ஒரு பொறி பலரை விழுங்குகிறது. ரூட்=யூயூஐடி= என்ற எழுத்தைக் கர்னலுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியை (அடையாள எண்ணை) தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் நிரல்கள். கர்னலுக்கு நேரடியாகப் புரிவது பார்ட்யூயூஐடி (பகிர்வின் அடையாள எண்), அல்லது /டெவ்/என்விஎம்இ0என்1பி2 போன்ற பெயர். ஆகவே இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் போனால், எல்லா டிரைவரும் கர்னலுக்குள்ளேயே இருந்தாலும் (0,0) வரும். மேக் இன்ஸ்டாலை ஓட்டிவிட்டுப் பிறகு மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் ஓட்டியவர்களுக்கு வேறு விதச் சிக்கல்: இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும் நேரத்தில் உள்ளே வைக்க மாட்யூல் எதுவும் இருந்திருக்காது. மாட்யூல்கள் முதலில், கர்னல் பிறகு.

இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் விழுந்தால் அங்கேயே கேட் /ப்ராக்/மாட்யூல்ஸ், எல்எஸ் /டெவ், யூநேம் -ஆர் மூன்றையும் பாருங்கள். யூநேம் சொல்லும் பெயரும் /லிப்/மாட்யூல்ஸ் கீழுள்ள அடைவின் பெயரும் ஓர் எழுத்துகூட வேறுபடக் கூடாது. கிட் மரத்தில் மாற்றம் செய்தபின் கம்பைல் செய்தால் பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி ஒட்டிக்கொள்ளும்; அந்த ஒரு குறி போதும் எல்லா மாட்யூலும் காணாமல் போக.

இனிட்டை (கர்னல் முதலில் ஓட்டும் நிரலை) தொடங்க முடியாமல் நின்றால் எரர் எண்ணைப் பாருங்கள். -8 என்றால் அந்தக் கோப்பை ஓட்டத் தெரியவில்லை: ஈஎல்எஃப் ஆதரவு, இனிட் ஸ்கிரிப்டாக இருந்தால் ஸ்கிரிப்ட் ஆதரவு, அல்லது 64 பிட் ஆதரவே இல்லை. டைனிகான்ஃபிகில் (மிகச் சிறிய கான்ஃபிகில்) தொடங்கியவர்கள் 64 பிட்டைத் தாங்களே இயக்க வேண்டும். -2 என்றால் கோப்போ, அதை ஏற்றும் டைனமிக் லோடரோ அந்த இடத்தில் இல்லை. சிஸ்டம்டி (உபுண்டு, டெபியனில் இனிட்டாக ஓடுவது) தொடங்கி உடனே இறந்தால் டெவ்டிஎம்பிஎஃப்எஸ், சிகுரூப், டிஎம்பிஎஃப்எஸ், ஐநோட்டிஃபை, சிக்னல்எஃப்டி, டைமர்எஃப்டி, ஈபோல், எஃப்ஹேண்டில், யூனிக்ஸ் சாக்கெட் இவற்றைச் சரிபாருங்கள்.

## வழி 1: இருக்கிற கான்ஃபிகைத் திருத்துவது

நின்ற இடம் தெளிவாகத் தெரிந்து, விடுபட்டது ஒன்றோ இரண்டோ என்றால் இதுதான் வேகமான வழி. ஒரு டிரைவரை ஒய் (கர்னலுக்குள்ளேயே சேர்ப்பது) ஆக்கினால் மேக் முழு மரத்தையும் திரும்பக் கட்டாது. மாறிய பகுதியும் கடைசி இணைப்பும்தான். சில நிமிடங்களில் அடுத்த ரீபூட்.

ஊகிக்கத் தேவையில்லை. பழைய கர்னலில் பூட் செய்து எல்எஸ்பிசிஐ -கே ஓட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் எந்த டிரைவர் ஓடுகிறது என்று சொல்லும். ஃபைண்ட்எம்என்டி / என்பது ரூட் எந்த டிஸ்க்கில், எந்த ஃபைல்சிஸ்டத்தில் என்று சொல்லும். இந்த இரண்டின் வெளியீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெனுகான்ஃபிகில் சாய்வுக்கோடு விசையை அழுத்தித் தேடுங்கள். சாட்டா டிஸ்க் என்றால் ஏஹெச்சிஐ மட்டும் போதாது, எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் ஆதரவும் வேண்டும். இன்டெல் லேப்டாப்பில் என்விஎம்இ டிரைவர் இருந்தும் டிஸ்க் தெரியவில்லையென்றால் ஃபர்ம்வேரில் விஎம்டி (என்விஎம்இ டிஸ்க்குகளைத் தன் பின்னால் மறைக்கும் இன்டெல் வசதி) இயங்குகிறதா பாருங்கள். அப்படியானால் விஎம்டி டிரைவரும் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு, ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது தலைகாட்டும் என்பது. டிஸ்க் வந்ததும் இனிட் விழும், இனிட் வந்ததும் /பூட்/இஎஃப்ஐ மவுண்ட் ஆகாமல் எமர்ஜென்ஸி மோடில் நிற்கும். இந்தக் கடைசிக்குக் காரணம் பெரும்பாலும் என்எல்எஸ் கோட்பேஜ் 437, ஐஎஸ்ஓ 8859-1 என்ற இரண்டு சின்ன எழுத்துக்குறி மாட்யூல்கள். விஃபேட்டை மட்டும் வைத்து இவற்றை விட்டால் பகிர்வு மவுண்ட் ஆகாது. மூன்று சுற்றுக்கு மேல் போனால் இந்த வழியை விட்டுவிடுவதே நல்லது.

### உள்ளே இன்னொரு தேர்வு: இனிட்ராம்எஃப்எஸ்ஸா, எல்லாம் கர்னலுக்குள்ளேயா

டிரைவரை ஒய் என்று வைத்தால் கர்னல் கோப்புக்குள்ளேயே சேரும், எம் என்று வைத்தால் தனி மாட்யூல். ஒரே டிஸ்க், குறியாக்கம் இல்லாத எக்ஸ்ட்4 ரூட் என்றால் டிஸ்க், ஃபைல்சிஸ்டம் இரண்டையும் ஒய் ஆக்கி, டெவ்டிஎம்பிஎஃப்எஸ் தானாக மவுண்ட் ஆகும்படி வைத்து, பார்ட்யூயூஐடி கொடுத்தால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் ஆகும். உடையக்கூடிய பாகம் ஒன்று குறைகிறது.

லக்ஸ் குறியாக்கம், எல்விஎம், பல டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ், மெட்டாடேட்டா 1.2 உள்ள மென்பொருள் ரெய்டு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பொதுவாக இனிட்ராம்எஃப்எஸ் வேண்டும். கர்னல் தானாக அடையாளம் காணும் ரெய்டு மெட்டாடேட்டா 0.90 மட்டுமே.

ஏஎம்டிஜிபியு டிரைவரை ஒய் ஆக்குகிறவர்கள் கவனிக்க: இனிட்ராம்எஃப்எஸ் இல்லையென்றால் ரூட் மவுண்ட் ஆகும் முன்பே அந்த டிரைவர் ஃபர்ம்வேர் கோப்புகளைத் தேடும், கிடைக்காது, திரை இருண்டுவிடும். அதை எம் ஆகவே விடுங்கள்.

## வழி 2: டிஸ்ட்ரோ கான்ஃபிகில் இருந்து மறுபடி தொடங்குவது

/பூட் அடைவில் கான்ஃபிக்- என்று தொடங்கும் கோப்பு, இப்போது ஓடும் கர்னல் எப்படிக் கட்டப்பட்டது என்பதன் முழுப் பதிவு. அதை சோர்ஸ் அடைவில் .கான்ஃபிக் என்று நகலெடுத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டினால் புதிய கேள்விகளுக்கெல்லாம் இயல்புப் பதில் போட்டுக்கொள்ளும்.

இதை வெறும் ‘முதலில் இருந்து’ என்று பார்க்காதீர்கள். இந்த வழியின் பெரிய மதிப்பு சோதனையாக. அதே சோர்ஸ், டிஸ்ட்ரோ கான்ஃபிக்: பூட் ஆனால் உங்கள் கான்ஃபிகில்தான் குறை, சோர்ஸில் இல்லை. பூட் ஆகவில்லையென்றால் எத்தனை நாள் மெனுகான்ஃபிகில் உட்கார்ந்தாலும் தீராது. இந்த ஒரு பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் வழி 3க்குப் போகவே கூடாது. பூட் ஆனபின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டிஃப்கான்ஃபிக் நிரலால் இரண்டு கான்ஃபிகையும் ஒப்பிட்டு, விடுபட்டதைக் கண்டுபிடித்து உங்கள் சின்ன கான்ஃபிகுக்கே திரும்பலாம்.

செலவுகள் கொஞ்சம் மறைவாக இருக்கின்றன. உபுண்டு கான்ஃபிகில் சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ் என்ற இடத்தில் அவர்களுடைய சான்றிதழ் கோப்பின் பாதை இருக்கும். அந்தக் கோப்பு உங்களிடம் இல்லாததால் கம்பைல் நடுவில் நிற்கும். அதையும் ரிவொகேஷன் கீஸையும் காலியாக்குங்கள். டீபக் தகவலோடு கட்டினால் 20 ஜிபிக்கு மேல் இடம் போகும். டீபக் இன்ஃபோ நன் என்று வையுங்கள். ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் என்பதால் 8 கோர் கணினியிலும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் எதிர்பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு சில கான்ஃபிக் பெயர்கள் மாறும். பெயர் மாறிய ஒன்று சத்தமில்லாமல் அணைந்துவிடும். சோர்ஸ் இரண்டு மூன்று ஆண்டு புதிது என்றால் இதை எதிர்பார்க்கலாம்.

நேரத்தைக் குறைக்க மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் இருக்கிறது. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதி, 2009இல் 2.6.32 பதிப்பில் சேர்ந்தது. இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும், கம்பைல் சில நிமிடங்களுக்கு இறங்கும். ‘இப்போது’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். ஓட்டும் முன் யூஎஸ்பி டிரைவ், ஹெட்செட், வெளி நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் செருகி, விபிஎன்னை இணைத்து, கன்டெய்னர் ஒன்றையும் ஓடவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். விட்டால் அடுத்த மாதம் ஒரு சாதனத்தைச் செருகும்போதுதான் தெரியவரும்.

## வழி 3: கிட் பைசெக்ட்

பழைய பதிப்பு இதே கணினியில், நீங்களே கம்பைல் செய்து, பூட் ஆகிறது. புதியது டிஸ்ட்ரோ கான்ஃபிகோடும் ஆகவில்லை. இந்த இரண்டும் உறுதியானால் மட்டும்.

அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய 14,000 மாற்றங்கள் இருக்கும் என்று வைத்தால், ஒவ்வொரு முறையும் பாதியாக்கிக்கொண்டே போய் 14 சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். லோக்கல்மாட்கான்ஃபிகோடு சுற்றுக்கு 12 நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிஸ்ட்ரோவின் முழுக் கான்ஃபிகோடு என்றால் ஒரு முழு வேலை நாள்.

பைசெக்ட் தவறான மாற்றத்தில் போய் நிற்பதற்கு முக்கியக் காரணம் கான்ஃபிக் நழுவுவது. பழைய பதிப்புக்குத் தாவும்போது ஓல்ட்டெஃப்கான்ஃபிக் அங்கே இல்லாத தேர்வுகளை நீக்கிவிடும், மறுபடி புதியதுக்கு வரும்போது அவை திரும்பி வராது. மூலக் கான்ஃபிகை மரத்துக்கு வெளியே வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதையே நகலெடுங்கள். கம்பைலே ஆகாத இடத்தில் பேட் என்று சொல்லிவிடாதீர்கள், பைசெக்ட் ஸ்கிப் அதற்குத்தான். நிறுவிய சோதனைக் கர்னல்களை நடுநடுவே நீக்காவிட்டால் ஏழெட்டுச் சுற்றில் /பூட் நிரம்பி, கர்னலில் இல்லாத பிழை ஒன்று உங்கள் முடிவைக் கெடுக்கும்.

தொடங்கும் முன் அதே வரிசையின் கடைசி நிலையான பதிப்பையும், மெயின்லைனின் (முதன்மைக் கர்னல் மரத்தின்) கடைசி ஆர்சியையும் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பையும்) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். ரூட் இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால், நிறுவியிருக்கும் ஓப்பன்இசட்எஃப்எஸ் அந்தக் கர்னலை ஆதரிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது கர்னல் மரத்துக்கு வெளியே உள்ள மாட்யூல், பைசெக்டில் பிடிபடாது.

## வழி 4: க்யூஎம்யூவில் ஓட்டிப் பார்ப்பது

க்யூஎம்யூ, கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரல். தனி வழி என்பதைவிட, மற்றவற்றின் சுற்று நேரத்தைக் குறைப்பது. பிஇசட்இமேஜ் கோப்பை (நீங்கள் கட்டிய கர்னலை) -கர்னல் என்று கொடுத்து, -அப்பெண்டில் கன்சோல்=டிடிஒய்எஸ்0 சேர்த்து, -நோகிராஃபிக் போட்டால் கர்னல் எழுதுவது எல்லாம் உங்கள் டெர்மினலிலேயே வரும், மேலே உருட்டிப் படிக்கலாம். உண்மையான கணினித் திரையில் மேலே ஓடிய எழுத்தைத் திரும்பப் பார்க்கும் வசதி 5.9 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே இது சின்ன உதவி அல்ல. வெளியே வர கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

இனிட் சிக்கல், சிஸ்டம்டிக்கு வேண்டியது விடுபட்டது, மிகத் தொடக்கத்தில் விழுவது இவையெல்லாம் இங்கே தெரியும். உங்கள் என்விஎம்இ, கிராஃபிக்ஸ், ஃபர்ம்வேர் சிக்கல் எதுவும் தெரியாது. கூடவே விர்ட்ஐஓ (மெய்நிகர் கணினியின் சாதனங்களுக்கான) டிரைவர்கள் வேண்டும், மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக் அவற்றைச் சேர்க்கும். சேர்க்காமல் ஓட்டி, அங்கே வரும் (0,0)ஐ உங்கள் பழைய பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | திருத்துவது | டிஸ்ட்ரோ கான்ஃபிக் | பைசெக்ட் | க்யூஎம்யூ |
|---|---|---|---|---|
| எப்போது | நின்ற இடம் தெளிவு, விடுபட்டது ஓரிரண்டு | காரணம் தெரியவில்லை, அல்லது மூன்று சுற்று வீண் | பழையது ஓடுகிறது, புதியது டிஸ்ட்ரோ கான்ஃபிகோடும் இல்லை | இனிட் அல்லது தொடக்கப் பேனிக் |
| ஒரு சுற்று | சில நிமிடம் | அரை மணிக்கு மேல். வெட்டினால் சில நிமிடம் | 10–15 நிமிடம், சுமார் 14 முறை | கம்பைல் போக, விநாடிகள் |
| மறைந்த செலவு | ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகள் | இடம், சான்றிதழ் பாதை, பெரிய இனிட்ராம்எஃப்எஸ் | கான்ஃபிக் நழுவல், நிரம்பும் /பூட் | வன்பொருள் சிக்கல் தெரியாது |
| எதைச் சொல்லும் | எந்த டிரைவர் இல்லை | குறை கான்ஃபிகிலா, சோர்ஸிலா | எந்த மாற்றம் கெடுத்தது | குறை வன்பொருளோடு சேர்ந்ததா |

## எந்த நிலையில் எது

ஒரு பேட்ச் மட்டும் வேண்டும், கர்னல் சின்னதாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றால் வழி 2, வேறு யோசனையே வேண்டாம். மேக் பிண்டெப்-பிகேஜி ஓட்டினால் டெப் கோப்பாகவே கிடைக்கும், நிறுவும்போது இனிட்ராம்எஃப்எஸ்ஸும் க்ரப் மெனுவும் தானாகப் புதுப்பிக்கப்படும், பிடிக்கவில்லையென்றால் சுத்தமாக நீக்கலாம்.

கற்றுக்கொள்ளக் கட்டுகிறீர்கள் என்றால் வழி 1ஐயும் க்யூஎம்யூவையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். டிஸ்ட்ரோ கான்ஃபிகில் பூட் ஆவதால் கற்றுக்கொள்வது குறைவு. (0,0) ஏன் (259,2) ஆனது என்று புரிந்துகொள்வதில் நிறைய இருக்கிறது.

தொலைவில் உள்ள சர்வர் என்றால் சின்ன கான்ஃபிக் ஆசையை அடக்கி வழி 2ஐ எடுங்கள். க்ரப் அமைப்பில் டிஃபால்ட்டை சேவ்ட் என்று வைத்து, க்ரப்-ரீபூட் கட்டளையால் புதிய கர்னலை அடுத்த ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். புதிய கர்னலின் வரியில் பேனிக்=30 சேருங்கள். பேனிக் ஆனால் 30 விநாடியில் ரீபூட் ஆகிப் பழைய கர்னலிலேயே எழும். டெபியன், உபுண்டுவில் அதே பேனிக்=30, ரூட் கிடைக்காமல் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் தொங்குவதையும் தடுத்து ரீபூட் செய்துவிடும். இது காப்பாற்றாத நிலைகள் இரண்டு: பேனிக் ஆகாமல் அப்படியே உறைவது, சிஸ்டம்டி எமர்ஜென்ஸி மோடில் போய் நிற்பது. இந்த இரண்டுக்கும் ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வன்பொருள் வசதி) அல்லது சீரியல் கன்சோல் கைவசம் இருக்க வேண்டும். ரீபூட் கட்டளையைத் தட்டும் முன் அதில் ஒருமுறை உள்நுழைந்து, எழுத்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.